தோற்பதற்கென்றே ஓர் அணி

அந்த விளையாட்டில் ஒரு தீவு. தீவின் இந்த முனையில் ஒரு கலங்கரை விளக்கம், அந்த முனையில் இன்னொன்று. அணிக்கு மூன்று பேர். காட்டுக்குள் கிடக்கும் எண்ணெய்ப் பீப்பாய்களைத் தேடிப் பிடித்து, உருட்டிக்கொண்டு வந்து, யார் தங்கள் விளக்கை முதலில் எரியவைக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. நடுவில் எதிரணி சேற்று உருண்டையை எறியும். மேலே பட்டால் கொஞ்ச நேரம் சிலையாக நிற்க வேண்டியதுதான். கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. அதனால்தான் அக்கா துணிந்து அதில் இறங்கினாள்.

அக்கா என்றால் தம்பிக்கு மட்டும் அக்கா அல்ல, தெருவுக்கே அக்கா. துணி திருத்திக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். பேன்ட்டின் உயரத்தைக் குறைப்பது, போன ஜிப்பை மாற்றுவது, இடுப்பைப் பிரித்து விடுவது. "துணி சுருங்கிப் போச்சுக்கா" என்று வருகிறவர்களிடம், "ஆமாங்க, இப்ப வர்ற துணியெல்லாம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு இடுப்பைப் பிரித்துவிடுவாள். வந்தவரின் வயிற்றைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. மற்றபடி அந்த வாய்க்கு ஓய்வே கிடையாது.

இரண்டாவது ஆள் அவள் கணவர். ரொட்டி வேன் ஓட்டுகிறவர். ஓட்டை இன்ஜினோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியதில் ஒரு காது முழுசாகவும் மறுகாது பாதியும் போய்விட்டது. ஹெட்போன் மாட்டச் சொன்னால், "காதுக்குள்ள எறும்பு போற மாதிரி இருக்கு" என்பார். ஆகவே தம்பி சொல்வதை அக்கா பக்கத்திலிருந்து உரக்கத் திருப்பிச் சொல்வாள்.

மூன்றாவது ஆள் தம்பி. வேறு ஊரில் லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் அவன் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவள் போனவள்தான், திரும்பவில்லை. அன்றிலிருந்து போனில் கூப்பிட்டால் அவனிடமிருந்து வார்த்தை பிடுங்குவது, இறுகிப்போன தையலைப் பிரிப்பது மாதிரி.

"சாப்பிட்டியாடா?"

"ம்."

"என்ன சாப்பிட்ட?"

"ஏதோ."

"உடம்பு நல்லாருக்கா?"

"ம். வச்சிடறேன்க்கா."

ஆனால் சாயங்காலம் தீவுக்குள் வந்துவிட்டால் அவன் வேறு ஆள். "அக்கா, பின்னாடி பாரு! மாமா, புதருக்குள்ள உக்காந்துட்டு என்ன பண்றீங்க, குடும்பம் நடத்தறீங்களா?" என்று கத்துவான், சிரிப்பான், சண்டை போடுவான். அந்த ஒரு மணி நேரத்துக்காக அக்கா கடையைச் சீக்கிரமே சாத்தினாள். விளக்கு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன? தம்பியின் தொண்டை திறந்தால் போதும் அவளுக்கு.

ஆரம்பத்தில் எல்லாம் சுகமாகத்தான் போனது. எதிரே வருகிறவர்களும் இவர்களைப் போலவே பொழுதுபோகாமல் வந்தவர்கள். ஒரு நாள் ஜெயிப்பார்கள், மறுநாள் தோற்பார்கள். பிறகு விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு என்ன தோன்றியதோ, படிநிலை என்றார்கள், தினசரிக் கடமை என்றார்கள். இன்று பத்துப் பீப்பாய் உருட்டினால்தான் நாளைக்குத் தொப்பி கிடைக்குமாம். "நாளெல்லாம் ரொட்டி இறக்கிட்டு வந்து இங்கயும் பீப்பா இறக்கணுமா?" என்று கேட்டார் ரொட்டிக்காரர். இதே கேள்வி பலருக்கும் வந்திருக்க வேண்டும். சும்மா விளையாட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் கைதேர்ந்தவர்கள். விளையாட்டுக்குள் தமிழ் பேசுகிறவர்களுக்கென்று இருந்த கூடத்தில் சாயங்கால நேரத்துக்கு ஆளே குறைந்துபோய், தினமும் ஒரே எதிரணிதான் வந்தது. அதன் தலைவருக்கு அங்கே பெயர் 'கறுப்புக் குடை'.

கறுப்புக் குடையின் அணியிடம் இவர்கள் மண்ணைக் கவ்வாத நாளே இல்லை.

"அக்கா, நான் ஆத்தோரமா போறேன். நீ மலைப்பக்கம் வா. மாமாவை ஆலைக்குப் பின்னாடி நிக்கச் சொல்லு."

அக்கா கணவர் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள். "என்னங்க, அவன் ஆத்தோரமா போறானாம்! நான் மலைப்பக்கம்! நீங்க ஆலைக்குப் பின்னாடி நிக்கணுமாம்!"

"எங்க?"

"ஆலைக்குப் பின்னாடி!"

ஆற்றோரம் தம்பிக்கு முன்னால் ஒருவன் தயாராக நின்றிருந்தான். மலைப்பக்கம் இன்னொருவன். ஆலைக்குப் பின்னால் ரொட்டிக்காரர் போய் நிற்பதற்குள் அவர் முகத்தில் சேறு விழுந்தது.

"ஜோசியம் பாத்துட்டு வர்றானுங்களா?" என்றார் அவர்.

தம்பி சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவன் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. கத்துவது நின்றது, பிறகு சண்டை நின்றது. அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் சொன்னான், "அக்கா, நாளைக்கு ஒரு ஆட்டம் ஆடிட்டு நான் இதை அழிச்சிடப் போறேன்."

"ஏன்டா? தோக்கறதும் ஜெயிக்கறதும் சகஜம்தானே?"

"ஜெயிச்சு எவ்ளோ நாளாச்சு? உங்க ரெண்டு பேரையும் சொல்லலக்கா. நான் எதுல சேந்தாலும் அது உருப்பட மாட்டேங்குது. என் ராசி அப்படி. நீங்க வேற யாரையாவது சேத்துக்கோங்க."

அவன் போய்விட்டான். அவன் விளையாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது அக்காவுக்குத் தெரியாதா என்ன. தீவைவிட்டு வெளியே வராமலே கையிலிருந்த போனை மடியில் போட்டாள்.

"என்னங்க, கேட்டீங்களா? இதையும் விட்டுட்டானா அவன் யார்கூடப் பேசுவான்? அந்த வீட்டுல சுவரு மட்டும்தான் இருக்கு. கடவுளே, ஒரே ஒரு தடவை நாங்க ஜெயிக்கக் கூடாதா?"

"அக்கா" என்றது மடியிலிருந்த போன்.

இருவரும் திடுக்கிட்டார்கள். சளி பிடித்த மாதிரி ஒரு பெண் குரல்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. நான் கறுப்புக் குடை. நீங்க பேசறது எங்களுக்கும் கேக்குது."

"இப்பவா?"

"எப்பவும்."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். திரையின் மூலையில் மைக் படம் இருக்கிறது. அதன் பக்கத்தில் மூன்று தலை வரைந்திருந்தால் பேச்சு தன் அணிக்கு மட்டும் போகும். ஆறு தலை இருந்தால் எல்லோருக்கும் போகும். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணிப் பார்த்தாள். ஆறு தலைகளும் அவளைப் பார்த்து இளித்தன.

வந்த புதிதில் அக்காவின் குரல் தம்பிக்குக் கேட்கவே இல்லை. ரொட்டிக்காரர்தான் போனை வாங்கி, கண்ட இடத்தில் அமுக்கிச் சரிசெய்தார். கேட்கத் தொடங்கியதும், நல்லாயிருக்கிறதை நோண்டக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். தம்பி போட்ட திட்டத்தையெல்லாம் அன்றிலிருந்து அக்கா எதிரணிக்குத் தமுக்கு அடித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். பொழுதுபோக்க வந்தவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை, கறுப்புக் குடையின் அணி வாங்கிக்கொண்டது.

"ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். முகம் சூடாகிவிட்டது.

"மொதல்ல நீங்க எங்கள ஏமாத்தறதுக்குத்தான் அப்படிக் கத்தறீங்கன்னு நெனச்சோம். அப்புறம் பாத்தா, சொன்ன எடத்துக்கே கரெக்டா வந்து நின்னீங்க." அந்தப் பெண் சிரித்து, சிரித்ததில் இருமி, பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சொல்லக் கூடாதுன்னு இல்லக்கா. நான் ஆஸ்பத்திரித் துணி துவைக்கற எடத்துல வேலை பாக்கறேன். பகலெல்லாம் மெஷின் சத்தம்தான். சாயங்காலம் நீங்களும் மாமாவும் பேசறதக் கேட்டா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். சொல்லிட்டா நீங்க அந்தப் பட்டனை மாத்திடுவீங்கள்ல? அதான். ஆனா இப்ப உங்க தம்பியப் பத்திச் சொன்னதும் மனசு கேக்கல. நாளைக்கு வேணா நாங்க விட்டுக்குடுத்துடறோம்."

அக்காவின் மனம் ஒரு நொடி தாவியது. ஜெயித்தால் தம்பி விளையாட்டை விட மாட்டான். அவளுக்கு அது போதும்.

"என்ன சொல்றா?" என்று கேட்டார் ரொட்டிக்காரர். அக்கா சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

"வேணாம்னு சொல்லு. அவன் மெக்கானிக். தானா சரியாப் போன எதையும் அவன் நம்ப மாட்டான்."

"வேணாம்மா" என்றாள் அக்கா. "நீங்க எப்பவும் போல ஆடுங்க. சொன்னதே பெரிய உதவி. நல்லாயிருப்பீங்க."

மறுநாள் மைக்கை மூன்று தலைக்கு மாற்றிவிட்டுத்தான் தீவுக்குள் நுழைந்தாள். தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் சொல்லவே கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். தன்னால்தான் அவன் இத்தனை நாள் நொந்துபோனான் என்று எந்த வாயால் சொல்வது?

தம்பி காட்டு வழியாகப் போனான். ஒருவரும் இல்லை. ஒரு பீப்பாய் வந்தது, இன்னொன்று வந்தது. தப்பான திசையில் நடந்துகொண்டிருந்த ரொட்டிக்காரர்கூட ஒன்றை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"மாமா! கலக்கறீங்க!" தம்பியின் குரல் பழைய உயரத்துக்கு ஏறியது. அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கடைசிப் பீப்பாயைத் தம்பி கலங்கரை விளக்கத்தின் படியடிக்குக் கொண்டுவந்தான். அங்கேயே நின்றான்.

"ஏன்டா நின்னுட்ட? ஏத்து!"

"அக்கா, இது எப்படி? வழியில ஒருத்தன்கூட இல்ல."

"இல்லன்னா நல்லதுதானே. ஏத்துடா."

"நீ அவங்ககிட்ட ஏதாவது சொன்னியா? தம்பி பாவம், விட்டுக்குடுங்கன்னு சொன்னியா?"

"ஐயோ, இல்லடா!"

"எல்லாரும் என்னைப் பாத்துப் பாவப்படறீங்க. ஆபீஸ்லயும் அப்படித்தான். எனக்கு வேணாங்க்கா."

கணவர் அவளைப் பார்த்தார். தம்பி சொன்னது அவர் காதில் விழுந்திருக்காது. ஆனால் மனைவியின் முகத்தைப் படிக்க அவருக்குக் காது தேவையில்லை. "சொல்லிடும்மா" என்றார்.

அக்கா சொல்லிவிட்டாள். ஆறு தலை, மூன்று தலை, ஆற்றோரம், ஆலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "அவங்க விட்டுக்குடுக்கலடா. நாம எங்க இருக்கோம்னு இன்னிக்குத்தான் அவங்களுக்குத் தெரியல. தினமும் தோத்ததுக்கு நான்தான் காரணம். என்னைத் திட்டு, எவ்ளோ வேணாலும் திட்டு."

 கண்ணை இறுக மூடிக்கொண்டு வசவுக்குக் காத்திருந்தாள்.

"அப்ப, நான் இல்லையா?" என்றான் தம்பி. மெல்லிய குரல்.

"நீ இல்லடா கண்ணா. நீ போட்டதெல்லாம் நல்ல திட்டம்தான். என் வாய்தான் கெடுத்துச்சு."

"ஆலைக்குப் பின்னாடின்னு ரெண்டு தடவ கத்தினியே, அதுவுமா அவங்களுக்குக் கேட்டுச்சு?"

"அதுவும்தான்."

முதலில் இருமல் போல ஏதோ வந்தது. பிறகு அது சிரிப்பென்று தெரிந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. "அவங்களுக்கு விலாசம் எழுதிக் குடுத்துட்டு, ஏன்டா வந்துட்டாங்கன்னு கேட்டுட்டிருந்திருக்கோம்! ஐயோ அக்கா!" அவன் சிரித்த சிரிப்பில் பீப்பாய் கைநழுவிச் சரிவில் உருண்டது. அதை நிறுத்த ஓடிய ரொட்டிக்காரரைச் சேற்று உருண்டை அடித்தது. எதிர்முனையில் விளக்கு எரிந்தது. அன்றும் தோற்றார்கள்.

தம்பிக்கு அது உறைக்கவே இல்லை. "அக்கா, நாளன்னிக்கு எனக்கு லீவு. நான் அங்க வர்றேன். உன் போனை மொதல்ல நான் பாக்கணும். மாமா இன்னும் என்னென்ன அமுக்கி வச்சிருக்காரோ."

சொன்னபடியே வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். சட்டை தோளில் தொங்கியது. போனை வாங்கி ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தான். வந்த வேலை அவ்வளவில் முடிந்தது. ஆனால் கிளம்பவில்லை. கடையில் அவளுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பிரித்த ஜிப்பிலிருந்து நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் ரொட்டிக்காரர் வேனை நிறுத்திவிட்டு வந்தார். மூவரும் துணி வெட்டும் மேஜையை ஒதுக்கிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். யாரும் கேட்கவில்லை. தம்பி தானாகத்தான் ஆரம்பித்தான். "அவ போன அன்னிக்குக் காலையில..." என்று.

மனைவியைப் பற்றி அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அக்கா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதற்குத் தெருவே சாட்சி சொல்லும். அவள் தட்டையே பார்த்துக்கொண்டு, மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு கேட்டாள்.

"என்ன சொல்றான்?" என்றார் ரொட்டிக்காரர், காதில் கையைக் குவித்து.

வழக்கம்போல அவர் பக்கம் திரும்பிய அக்கா, வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். எது அவளைத் தடுத்தது என்று அவளுக்கே தெரியாது.

தம்பி அதைக் கவனித்தான். தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, மாமாவின் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்தான்.

"மாமா, நானே சொல்றேன்" என்றான். பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக.