நடக்காத கூட்டம்

மோகன்குமார் கொடுத்த செக் திரும்பி வந்த அன்று நான் அழவில்லை. கோபம் வந்தால் எனக்கு அழுகை வராது, வாய்தான் வரும். அந்த வாயை நம்பித்தான் எங்கள் குப்பத்துப் பெண்கள் தங்கள் நண்டையும் இறாலையும் என்னிடம் விட்டிருந்தார்கள். பழவேற்காடு ஏரியில் அவரவர் வீட்டில் பிடிப்பதை ஒன்றாகச் சேர்த்து, வியாபாரியிடம் விலை பேசி விற்று, பணத்தைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. குழுத் தலைவி அம்பிகா என்றால் கரையில் தெரியாதவர்கள் கிடையாது.

மோகன்குமார் திருப்பாலைவனத்தில் ஐஸ் கிடங்கு வைத்திருப்பவர். மூன்று வருடம் ரொக்கமாகக் கொடுத்தார். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதச் சரக்குக்கு மட்டும் பொங்கல் கழித்து ஒரே செக்காகக் கொடுத்தார். நாலு லட்சத்துச் சொச்சம். குழுவுக்கென்று தனிக் கணக்கு இல்லாததால் என் பெயரிலேயே எழுதினார். வங்கியில் போட்டேன். கணக்கில் போதிய பணம் இல்லை என்று ஒரு சீட்டோடு திருப்பிக் கொடுத்தார்கள். இனிமேல் அவரை ‘அவன்’ என்றுதான் சொல்வேன். அதற்கு மேல் மரியாதை என்னிடம் இல்லை.

பணம் போனது ஒரு வலி. செக் என் பெயரில் இருந்ததுதான் பெரிய வலி. குழாயடியில் எங்கள் குழுவில் இருக்கும் ஜமுனா ஆரம்பித்து வைத்தாள்.

“செக்கு அவ பேர்லதான கீது? துட்டு வந்துட்ச்சு. ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கினாங்க. திரும்பிப் பூட்ச்சுன்னு நம்மகிட்ட கத வுடுறா.”

ஜமுனாவைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பணத்தை நம்பித்தான் மகளை நர்சிங் படிக்கச் சேர்த்திருந்தாள். பணம் வராமல் போகவே, காதில் கிடந்த கம்மலை அடகு வைத்து ஃபீஸ் கட்டினாள். வெறும் காதோடு அவள் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். ஒரே வாரத்தில் பாதிப் பெண்கள் தங்கள் நண்டைத் தனித்தனியாக, கேட்ட விலைக்குத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். என்னிடம் கொடுக்கப் பயம். என்னைத் திருடி என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊர் விஷயம் ஊரைத் தாண்டக் கூடாது. போலீஸ், கோர்ட் என்று படியேறினால் அபராதம். அதைக் கட்டாவிட்டால் பாடு கிடையாது. ஏரியில் எந்த வீட்டுக்காரர் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் முறை வைத்துக் கொடுப்பதுதான் பாடு. அது போனால் அடுப்பு எரியாது. அதனால் நானும் ஒழுங்காக ஊர்க் கூட்டத்துக்குத்தான் போனேன்.

ஊர்த் தலைவர் வேணு மாமா ஆள் அனுப்பினார். மோகன்குமாரும் வந்தான். அம்மன் கோவில் முன்னால் ஊரே உட்கார்ந்திருக்க, பெண்கள் நாங்கள் பின்னால் நின்றோம். அவனுக்கு நாற்காலி போட்டார்கள். தலைவர் வீட்டிலிருந்து டீ வந்தது.

“நா தர வேண்டிய துட்டுதான், இல்லேன்னு சொல்லலியே தலைவரே. எங்க நைனா மேல சத்தியம். மாசி மகம் முடியட்டும், நானே கொண்டாந்து உங்க கையில குடுக்கறேன்” என்றான்.

தலைவர் கையில் கொடுக்கிறேன் என்றதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாசி மகம் வந்தது, சாமி கடலாடியது, பணம் வரவில்லை. நான் செக்கை எடுத்துக்கொண்டு கிடங்குக்கே போய்க் கேட்டேன். அவன் மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்து சிரித்தான்.

“செக்கு திரும்பினா முப்பது நாளுக்குள்ள நோட்டீஸ் உடணும். அது தாண்டிப் பூட்ச்சு. இனிமே நீ இன்னா பண்ணுவ? போய் உங்க ஊர்ல இன்னொரு கூட்டம் போடு.”

நாற்காலியும் டீயும் கொடுத்து நாங்கள் காத்திருந்த நாட்களைத்தான் அவன் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறான். எங்கள் கட்டுப்பாட்டை வைத்தே எங்களைக் கட்டிப்போட்டிருக்கிறான். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. வீட்டுக்குப் போகவில்லை. பாதியில் இறங்கி, பொன்னேரி பஸ் பிடித்து, கோர்ட் எதிரே இருந்த வக்கீல் சுபஸ்ரீயின் அறைக்குப் போனேன்.

அந்தப் பெண் செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அக்கா, அவர் சொன்னது பாதி உண்மை. அந்த முப்பது நாள் போயிடுச்சு. ஆனா செக்குல இருக்கிற தேதியிலேருந்து மூணு மாசம் வரைக்கும் செக்குக்கு உயிர் இருக்கு. அதுக்குள்ள மறுபடி வங்கியில போடலாம். மறுபடி திரும்பினா, அன்னிலேருந்து புதுசா முப்பது நாள்.”

“அந்த மூணு மாசம் தாண்டலியே மேடம்.”

“அப்ப இன்னிக்கே போடுங்க.”

போட்டேன். இந்த முறை கணக்கே மூடப்பட்டுவிட்டது என்று திரும்பியது. போச்சு என்று நினைத்தேன். சுபஸ்ரீ சிரித்தாள். “செக்கு குடுத்துட்டுக் கணக்க மூடினாலும் அதே குத்தம்தான். பணத்துக்குத் தனியா சிவில் வழக்கும் போடலாம். ஆனா இந்தச் சட்டத்துல ஜெயிலும் உண்டு, செக்குத் தொகையில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதமும் உண்டு. முதல்ல இதைப் போடுவோம்” என்றாள். பதினைந்து நாளில் பணம் தர வேண்டும் என்று பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது. ஊர்க் கூட்டத்தில் அவன் கடனை ஒப்புக்கொண்டதையும் அதில் எழுதச் சொன்னேன்.

அப்புறம்தான் ஊருக்குச் சேதி தெரிந்தது. எனக்கு அபராதம் போடக் கூட்டம் கூட்டினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். என் வீட்டுக்காரர் வரதன் அதிர்ந்து பேசாத மனிதர்.

“உட்டுரு அம்பிகா. பாடு போனா இன்னா பண்றது? கடன ஒடன வாங்கி நாமளே குடுத்துர்லாம்” என்றார்.

“நாம குடுத்தா நாமதான் தின்னோம்னு ஆயிடும்யா” என்றேன்.

கூட்டத்து நாள் காலையில்தான் அவனுடைய வக்கீலிடமிருந்து பதில் வந்தது. அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவளை தன் வாயால் கெடும். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கோவிலுக்குப் போனேன்.

“ஊர மதிக்காம கோர்ட்டுக்குப் போயிருக்க. நீ இன்னாமா சொல்ற?” என்று வேணு மாமா உறுமினார்.

“நா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல மாமா. மோகன்குமாரு சொல்றத மட்டும் படிக்கிறேன்” என்று காகிதத்தைப் பிரித்தேன். ஏலத்தில் கூவுகிற குரலில் படித்தேன்.

“எமது கட்சிக்காரர் தாங்கள் கூறும் குப்பத்தில் ஒருபோதும் கால் வைத்ததில்லை. கையெழுத்திட்டுத் தொலைந்துபோன காசோலையைத் தாங்கள் தவறாகப் பயன்படுத்தியுள்ளீர்கள். தாங்கள் குறிப்பிடும் ஊர்க் கூட்டம் என்பது முழுக் கற்பனை. அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை.”

வேணு மாமா தோளில் இருந்த துண்டை எடுத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“இன்னொரு வாட்டி படி.”

படித்தேன்.

“நடக்கவே இல்லியா? என் வூட்டு டீயக் குடிச்சானே! இதே எடத்துல நைனா மேல சத்தியம் பண்ணானே! முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறானா? ஊரையே இல்லேன்றானா அவன்?”

என் பணம் போனபோது வராத கோபம், அவர் நடத்திய கூட்டம் இல்லை என்றானதும் வந்தது. எனக்கென்ன, வந்தால் சரி. ஒருவர் மெல்ல, “தலைவரே, கோர்ட்டுக்குப் போனா அபராதம்னு நீங்கதான…” என்று இழுத்தார்.

“அபராதந்தான? நா கட்றேன்! வேன் புடிங்கடா. நா சாட்சி சொல்லப் போறேன். நீங்க எல்லாரும் வர்றீங்க!”

அன்று எனக்கு அபராதம் போட யாருக்கும் நினைவு வரவில்லை.

வழக்கு விசாரணைக்கு வர மழைக்காலம் ஆகிவிட்டது. அன்று பொன்னேரி கோர்ட் தாழ்வாரத்தில் எங்கள் ஊர் ஆண்கள் வெள்ளை வேட்டியில் நின்றார்கள். பெண்களும் வந்திருந்தார்கள். ஜமுனா ஓரமாக, என்னைப் பார்க்காமல் நின்றாள். அவள் எனக்காக வரவில்லை, உண்மை என்ன என்று கேட்க வந்திருந்தாள். மோகன்குமார் காரிலிருந்து இறங்கினான், கூட்டத்தைப் பார்த்தான், தண்ணீர் பாட்டிலைத் தேடினான்.

முதலில் நான் கூண்டேறி நடந்ததைச் சொன்னேன். அப்புறம் வேணு மாமா ஏறினார். கார்த்திகை மாதம் முதல் சரக்கு ஏற்றிப் போனது, செக் கொடுத்தது, கூட்டத்தில் ஒப்புக்கொண்டது என்று ஒன்று விடாமல் சொன்னார். அவனுடைய வக்கீல் எழுந்தார்.

“உங்க ஊர்க் கூட்டத்துக்குச் சட்டத்துல ஏதாவது மதிப்பு இருக்கா?”

“சட்டம் உங்களுக்குத்தான் தெரியும் சார். ஆனா நா நாற்காலி போட்டேன், அவரு அதுல ஒக்காந்தாரு. எதுருல நிக்கிறாரே, என் மூஞ்சியப் பாத்து இல்லேன்னு சொல்லட்டும், நா எறங்கிப் போயிர்றேன்.”

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று நீதிபதி அம்மா கண்டித்தார். ஆனால் அவர் பார்வை மோகன்குமார் மேல்தான் இருந்தது. அவன் வேணு மாமாவை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. சாட்சி சொல்ல வெளியே இன்னும் எத்தனை பேர் என்று அவனுடைய வக்கீல் கேட்டார். ஊரே என்றாள் சுபஸ்ரீ.

சாப்பாட்டு இடைவேளையில் அவனுடைய வக்கீல் சமாதானம் பேச வந்தார். முழுப் பணம், வட்டி, வழக்குச் செலவு எல்லாம் தருகிறானாம். நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் வழக்கை முடித்துவிடலாமாம்.

“செக்காத் தர்றாரா?” என்று கேட்டேன். தாழ்வாரமே சிரித்தது. வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. டிராஃப்ட் எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

“துட்டு மட்டும் பத்தாது சார். அவரு எங்க ஊருக்கு வரணும். அம்பிகா ஒரு ரூபா தொடலேன்னு எங்க பொம்பளைங்க முன்னாடி சொல்லணும். அப்பதான் கையெழுத்து.”

“அதையெல்லாம் மனுவில எழுத முடியாதும்மா.”

“எழுத வேணாம். வாயால சொல்லட்டும். இல்லாட்டி வழக்கு நடக்கட்டும், எனக்கு அவசரமில்ல.”

சுபஸ்ரீ என் கையைப் பிடித்து அழுத்தினாள். வழக்கை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மோகன்குமார் டிராஃப்டோடும் சமாதான மனுவோடும் வந்தான். அம்மன் கோவில் முன்னால் இந்த முறை பெண்கள் நாங்கள்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நாற்காலியும் இல்லை, டீயும் இல்லை. அவன் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான்.

“துட்டு எங்கிட்டதான் இருந்துச்சு. அம்பிகாம்மா ஒரு ரூபா தொடல.”

நான் வாயைத் திறப்பதற்குள் என் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஜமுனா எழுந்து நின்றிருந்தாள்.

“காதுல வுழல. சத்தமா சொல்லு.”

அவன் சொன்னான்.

“கடைசில நிக்கிறவங்களுக்கு கேக்கல. அவ பேரச் சொல்லிச் சொல்லு. அவ ஒரு ரூபா தொடலேன்னு சொல்லு!”

மூன்றாவது முறை அவன் கத்தியே சொன்னான். கோவில் மேலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. ஜமுனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“நா பேசுனதெல்லாம்…” என்று ஆரம்பித்தாள்.

“மொதல்ல கம்மல மூட்டுடி” என்றேன். அப்போதுதான், அத்தனை மாதம் கழித்து, எனக்கு அழுகை வந்தது. நல்லா வாய் விட்டு அழுதேன். அப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.