அழித்த தடம்

என் வீட்டுக்காரர் ஒராசியோவுக்கு எங்கள் அசூல் ஊரில் பஸ் ஓட்டுவதுதான் வேலை. வாயைத் திறந்தால் மட்டும் டென்னிஸ்தான். ஏழு வயதில் எங்கள் மகள் மைத்தேனா கராஜ் கதவில் பந்தடித்து என் மதியத் தூக்கத்தைக் கெடுத்தபோது நான் கத்தினேன். அவருக்கோ கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் பிடித்தது சனி.

பன்னிரண்டு வயதில் மாகாணப் பட்டம் வாங்கினாள். பத்திரிகையில் படம் வந்தது. இறைச்சிக்கடைக்காரன் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி, "சாம்பியனுக்கு" என்று நீட்டுவான். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்? ஆனால் பதினான்கில் பிள்ளை சிரிப்பதை மறந்தேபோனாள். போட்டி என்றால் முந்தின நாளே வாந்தி. நான் அவரிடம் சொன்னால் மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டே, "பெரிய ஆட்டக்காரங்க எல்லாருக்கும் அப்படித்தான், குண்டம்மா. நீ சும்மா இரு" என்பார். நானும் சும்மா இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மார் தெல் பிளாத்தா நகரில் தேர்வு ஆட்டம். ஜெயிக்கிறவள் தேசியக் குழுவோடு ஐரோப்பா போவாள். திரும்பி வந்தபின் தலைநகரில் விடுதி, பயிற்சி, பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேயே. எதிரே ஹாஸ்மின் என்று ஒரு நெட்டைப் பெண்.

பிள்ளைகள் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தன் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று அவரவரே சொல்ல வேண்டும். செங்கல்தூள் தரையில் பந்தின் தடம் பதியும். சந்தேகம் வந்தால் எதிராளி வந்து பார்க்கலாம். அதற்குள் தடத்தை அழித்துவிட்டால் பந்து உள்ளே என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

ஒரே ஒரு புள்ளி எடுத்தால் மைத்தேனாவுக்கு வெற்றி. ஹாஸ்மின் அடித்த பந்து கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி விழுந்தது. நான் கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். என் கண்ணில் ஒன்றும் கோளாறு இல்லை. ஹாஸ்மினே தோற்றுவிட்டோம் என்று கைகுலுக்க நடந்து வந்துவிட்டாள். என் மகள் தடத்தைப் பார்த்தாள். எதிர்ப்பக்கப் படியில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஷூவால் தடத்தைத் தேய்த்துவிட்டு, "உள்ள" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு கேம்கூட எடுக்கவில்லை.

உடைமாற்றும் அறையில் அவளை மடக்கிப் பிடித்தேன்.

"பந்து வெளியதானே போச்சு?"

"ஆமா."

"அப்புறம் ஏண்டி அப்படிப் பண்ணினே?"

"எனக்குப் போக வேணாம்மா. டென்னிஸே வேணாம். அப்பாகிட்ட சொல்ல வாய் வரல. தோத்துட்டா அவரே விட்டுடுவாரு, பாரேன்."

"நான் சொல்றேன் அவர்கிட்ட" என்றேன். "வேணாம், அழுதுடுவாரு" என்று என் வாயைப் பொத்தினாள்.

காரில் ஊர் திரும்பினோம். பல்கார்சே ஊரைத் தாண்டியதும் ஒராசியோ வண்டியை ஓரமாக நிறுத்தினார். இப்போது கையை ஓங்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பிய முகம் முழுக்கக் கண்ணீர்.

"ஜெயிச்சா மட்டும்தான் அப்பாவுக்குப் பெருமைன்னு நெனச்சியா, ஒல்லி? கைக்கு வந்த ஆட்டம். வெளியன்னு சொல்லியிருந்தா யாருக்குத் தெரியப்போகுது? நீயே உண்மையைச் சொல்லி உள்ளன்னு ஒத்துக்கிட்டே. குழுவுக்கு ஆள் எடுக்கிறவரு என் கையைப் பிடிச்சு, இந்த மாதிரி பொண்ணை நான் பார்த்ததே இல்லைங்கறாரு. அடுத்த வருஷமும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு. இனிமே உன்னை விடவே மாட்டேன். நாளைக்குக் காலையிலேயே ஆரம்பிச்சிடலாம். என்ன?"

நான் வாயைத் திறந்தேன். பின்சீட்டிலிருந்து அவள் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

"சரிப்பா" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்து அவளால் வேறு என்ன சொல்ல முடியும்? என்னாலும் முடியவில்லை, பாவி மனுஷன் அப்படிச் சந்தோஷப்பட்டார். வண்டியை எடுத்தவர் அடுத்த வருடத் திட்டத்தைப் பேசிக்கொண்டே வந்தார். பின்னால் என் பிள்ளை குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள்.

அவர் கண்ணாடியில் பார்த்தார். "அழு, ஒல்லி, நல்லா அழு" என்றார் பாசமாக. "இப்படி அழறவதான் அடுத்த தடவை ஜெயிப்பா."