பெவர்லி கையிலிருந்த கோல்

கிளைவ் அக்ராய்டின் தோட்டத்து ரயிலுக்கு ஒரே சட்டம்தான். கையில் சிவப்புக் கோல் இருந்தால் வண்டி கிளம்பலாம். இல்லையென்றால் அரசரே வந்து பின்பெட்டியில் உட்கார்ந்திருந்தாலும் சக்கரம் உருளக் கூடாது.

காரணம் இல்லாமல் இல்லை. மேல் ஸ்டேஷன் அவர் வீட்டுச் சமையலறைக்கு வெளியே இருக்கிறது, கீழ் ஸ்டேஷன் ஓடைக்கரையில். நடுவில் சரிவு, புதர், வளைவு, ஒரு மண்மேட்டைக் குடைந்து போகும் சின்னச் சுரங்கம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு தடம். தண்டவாளம் ஒரு சாண் அகலம்கூட இல்லை. பெட்டிகளின் மேல் ஆட்கள் குதிரையேறுவதுபோல் காலைப் பரப்பி உட்கார வேண்டும். பொம்மை ரயில்தானே என்று நினைத்தால் நினைத்தவர் தலையில்தான் கொட்ட வேண்டும். கிளைவின் நீராவி எஞ்சினை நாலு ஆள் சேர்ந்தும் தூக்க முடியாது. ஆள் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கினால் நினைத்த இடத்தில் நிற்காது. அதனால்தான் கோல். ஒரு கோல், ஒரு வண்டி. கோல் உன் கையில் இருந்தால் தடம் உன்னுடையது, யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்தக் கோல்தான் வியாழக்கிழமை காணாமல் போனது.

வியாழன்தோறும் சம்பளம் வாங்காத தொண்டர்கள் கூடி வேலை செய்வார்கள். தண்டவாளத்துக்கு அடியில் மக்கிப்போன கட்டைகளை மாற்றுவது, தடத்தில் விழுந்த இலையைக் கூட்டுவது, சுரங்கத்துக்குள் தவழ்ந்துபோய்ச் சேற்றை அள்ளுவது. அன்று கடைசியாக வண்டி ஓட்டியது பெவர்லி சக்டென். ஹாலிஃபாக்ஸ் மலைப்பாதைகளில் பஸ் ஓட்டியே தலை நரைத்தவள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல்தான் இங்கே வந்து சேர்ந்தாள். முதல் வருஷம் முழுக்க இலை கூட்டினாள், இரண்டாவது வருஷம் வண்ணம் அடித்தாள், இந்த வசந்தத்தில்தான் பேட்டரி எஞ்சினை அவள் கையில் கொடுத்தார்கள். அந்த ஆறு அங்குல அகல இருக்கையில் உட்காரும்போது அவள் மறுபடியும் ஒரு ஆளாக இருந்தாள்.

வியாழன் மழையில் கோலைக் கிளைவ் கையில்தான் கொடுத்தாள் என்பது அவள் நினைவு.

"என் கையில தரலை," என்றார் கிளைவ், எல்லாரும் டீக்கோப்பையோடு நிற்கும்போது, ஓடைக்கு அந்தப் பக்கம் மேயும் ஆட்டுக்கும் கேட்கிற குரலில். "தொலைச்சது நீதான் பெவர்லி. எங்க வச்சேன்னு உனக்கே ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாதவங்க ஆளை ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டக் கூடாது. இன்னொரு தப்பு நடந்துச்சு, அப்புறம் உனக்கு துடைப்பம்தான்."

"உங்க கையிலதான் கொடுத்தேன் கிளைவ்."

"அப்ப எங்க? நான் முழுங்கிட்டேனா?"

எல்லாரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். தோட்டம் அவருடையது, தண்டவாளம் அவர் காசு, முப்பது வருஷ உழைப்பு. கீழ் ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்ளும் ஹோவர்ட் மட்டும் மறுநாள் ஒரு புதுத் துடைப்பக் கழியை அறுத்து, சிவப்பு அடித்து, பித்தளைத் தகடு பதித்து, தோளில் மாட்ட வார் கட்டிப் புதுக் கோல் செய்து கொண்டுவந்தான். கிளைவ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

பெவர்லிக்கு மூன்று இரவு தூக்கம் இல்லை. கொடுத்தேனா, கொடுக்கவில்லையா? கொடுத்ததாக நினைத்துக்கொண்டேனா? அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் கண்ணாடி, அப்புறம் சாவி, அப்புறம் பிள்ளைகளின் பேர்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் தோட்டத்தைத் திறந்துவிடும் நாள். மழை விட்டிருந்தது, தடம் ஈரம். கீழ் ஸ்டேஷனில் குழந்தைகள் ரெயின்கோட்டோடு வரிசையில் நின்றார்கள். தொண்டர்களில் ஒருத்தியான கிளெண்டா எலுமிச்சை கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். பெவர்லி பேட்டரி எஞ்சினைத் துடைத்து முடித்து நிமிர்ந்தபோது, கொக்கியில் ஹோவர்டின் கோல் தொங்கியது.

"இது எப்படி இங்க?" என்றாள். "முதல் வண்டி மேல இருந்துதானே இறங்கணும்?"

"மேல நீராவி ஏறலை போல. கோலைக் கீழ அனுப்பிட்டாங்க, நம்மளை முதல்ல வரச் சொல்லி," என்றான் ஹோவர்ட். "ஈஸ்டருக்கும் இப்படித்தானே ஆச்சு. ஏம்மா, பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி நிக்காதே. பிள்ளைங்க குளிர்ல நடுங்குது, எடு."

அது உண்மைதான், ஈஸ்டருக்கும் அப்படித்தான் நடந்தது. யார் கொண்டுவந்தது என்று கேட்க நினைத்தாள். கேட்டால் இதுகூட ஞாபகம் இல்லையா என்பார்களோ என்று பேசாமல் கோலை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பெட்டிகளில் ஏழெட்டுக் குழந்தைகள், இரண்டு தாய்மார், வால்பக்கத்தில் ஒரு தடித்த மனிதர். ஏற்றத்தில் எஞ்சின் முனகிக்கொண்டு ஏறியது. புதர்களைத் தாண்டி வளைவு திரும்பியதும் சுரங்கத்தின் வாய் தெரிந்தது. அப்போதுதான் அந்த விசில்.

சின்ன விசில், மேலே எங்கிருந்தோ. கிளைவின் எஞ்சின்தான். ஸ்டேஷனில் நின்றபடியே அடித்துப் பார்க்கிறாரோ? அப்படித்தான் இருக்க வேண்டும். கோல் என்னிடம் இருக்கிறது. கோல் என்னிடம் இருக்கும்போது எதிரில் வண்டி வர வழியே இல்லை.

ஆனால் அந்தச் சத்தம் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வரவில்லை. மூடுபனியில் வளைவுக்கு அப்பால் லாரி வருகிறதா என்று காதாலேயே பார்த்து ஓட்டிய பெண் அவள். அவள் காது சொன்னது: நகர்கிறது.

நின்றால்? கோல் கையில் இருக்கும்போது நடுத்தடத்தில் வண்டியை நிறுத்துவதைப்போல் கேவலம் அந்தத் தோட்டத்தில் வேறில்லை. அதுவும் இவள். இல்லாத வண்டியின் சத்தம் கேட்டது என்று சொன்னால் கிளைவ் என்ன சொல்வார் என்பது அவளுக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். இதுதான் அந்த இன்னொரு தப்பு. இருக்கை போய்விடும். சுரங்கத்தின் இருட்டு வாய் பத்தடி தூரத்தில் இருந்தது.

பிரேக்கை அழுத்தினாள்.

"என்னம்மா, பேட்டரி தீந்துபோச்சா?" என்று வாலிலிருந்து அந்த மனிதர் சிரித்தார்.

அவள் குனிந்து தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்தாள். ஈரம், சில்லிப்பு. அதற்குள்ளே ஒரு நடுக்கம். கொஞ்சம் கூடியது.

"இறங்குங்க! எல்லாரும் இறங்கி மேட்டுல ஏறுங்க! பிள்ளைங்களைத் தூக்குங்க!"

"என்ன ஆச்சு?"

"அப்புறம் கேளுங்க, முதல்ல ஏறுங்க!"

பஸ்ஸில் குடிகாரர்களை இறக்கிவிட்ட குரல் அது. சிரித்த மனிதரே இரண்டு குழந்தைகளை இரண்டு கக்கத்திலும் அள்ளிக்கொண்டு ஓடினார். பெவர்லி சுரங்கத்தின் மேல் இருந்த மண்மேட்டில் ஏறினாள். சுரங்கம் வளைந்தது, இந்தப் பக்கம் நின்று கத்தினால் அந்தப் பக்கம் கேட்காது. புதரைப் பிடித்துக்கொண்டு உச்சிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

வந்துகொண்டிருந்தது. வெள்ளைப் புகை, அதன் பின்னால் கிளைவின் தொப்பி, அதன் பின்னால் கையாட்டிக்கொண்டு வரிசையாகக் குழந்தைகள்.

"நிறுத்துங்க! கிளைவ்! நிறுத்துங்க!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையை வீசி, தள்ளிப் போ என்றார். அவருடைய கோல் எஞ்சின் பக்கவாட்டில் செருகியிருந்தது, தடம் அவருடையது. புதருக்குள் நின்று கூச்சல் போடும் கிழவிக்காக அவர் ஏன் நிறுத்த வேண்டும்? பெவர்லி தோளிலிருந்து கோலை உருவித் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். ஆச்சரியமே இல்லை அதில். பயம்தான் இருந்தது. அடுத்த நொடி பிரேக் கிறீச்சிட்டது.

ஈரத்தில் எஞ்சின் நிற்கவில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கி, அவள் காலடியில் சுரங்கத்துக்குள் போனது. குழந்தைகளின் கத்தல் உள்ளே இழுபட்டது. அப்புறம் ஒரு இடி. பெரிய இடி இல்லை, தகரம் நசுங்குகிற சத்தம். அப்புறம் புகை.

கடவுளே, கடவுளே என்று வாய் முணுமுணுக்க, மேட்டில் பாதி உருண்டு பாதி ஓடி இறங்கினாள். கிளைவின் எஞ்சின் சுரங்க வாயில் நின்றிருந்தது. அவளுடைய காலி எஞ்சின் முகம் நசுங்கித் தடத்தைவிட்டு இறங்கிக் கிடந்தது. அதன் பின்னால் ஆளில்லாத பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி. சற்றுமுன் முதல் பெட்டியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள், மஞ்சள் ரெயின்கோட்டில். அந்த இருக்கை இப்போது பலகையாகப் பிளந்து கிடந்தது.

சுரங்கத்துக்குள்ளிருந்து குழந்தைகள் ஒவ்வொருவராகத் தவழ்ந்து வந்தார்கள். ஒரு பையனுக்கு உதடு கிழிந்திருந்தது. மற்றவர்களுக்கு அழுகையும் கரியும்தான். பெவர்லி ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கிளைவ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கீழேயிருந்து ஹோவர்ட் மூச்சிரைக்க ஓடிவந்தான். கிளைவின் எஞ்சினில் செருகியிருந்த கோலைப் பார்த்தான். பெவர்லி கையிலிருந்ததைப் பார்த்தான்.

"இது பழைய கோல்," என்றான் கிளைவின் எஞ்சினைக் காட்டி. "இது எப்படி வந்துச்சு?"

"உன்னோடது எப்படிக் கீழ வந்துச்சு?" என்றாள் பெவர்லி. "யாரு கொண்டுவந்தது? உண்மையைச் சொல்லு."

ஹோவர்டின் காது சிவந்தது. "யாரும் கொண்டுவரலை. கீழ ஷெட்ல துடைப்பத்தோட துடைப்பமா நின்னுச்சு. கொண்டுவந்தவங்க யாரோ அசால்ட்டா வச்சுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன். அதான் எடுத்து மாட்டினேன். நான் செஞ்சது பெவ், அப்படிக் கிடக்கிறதைப் பார்க்க மனசு கேக்கலை."

"துடைப்பத்தோட வச்சது யாரு?"

தாய்மார் குழந்தைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். எஞ்சின் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"பழைய கோல் எங்க இருந்துச்சு கிளைவ்?" என்று பெவர்லி கேட்டாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "என் கோட்டுல," என்றார் மெதுவாக. "உள்பக்கம், அந்தப் பெரிய மழைக்கோட்டுல. இன்னிக்குக் காலையில போட்டப்பதான் இடிச்சுச்சு. பழசை மேல மாட்டிட்டு, புதுசைக் கீழ ஷெட்ல ஒளிச்சு வச்சேன். யாருக்கும் தெரியாம சரியாயிடும்னு நினைச்சேன்."

"காலையிலேயே தெரியும் உனக்கு." எப்போதும் 'நீங்க' என்றே பேசியவள் இப்போது அதை விட்டுவிட்டாள். "மூணு ராத்திரி நான் தூங்கலை. எங்கம்மா மாதிரி ஆயிட்டேனோன்னு கண்ணாடி முன்னாடி நின்னு என் பிள்ளைங்க பேரைச் சொல்லிப் பார்த்தேன். காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஒளிக்கக் கீழ வரைக்கும் வந்தியே, அங்கேயே நின்னு ஒரு சத்தம் போட்டிருந்தாலே போதும்."

"சொல்லியிருக்கணும்."

"சத்தம் போட உனக்குத் தெரியாதா? வியாழக்கிழமை தெரிஞ்சுதே. இப்பவும் சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்."

கிளைவ் தண்டவாளத்தைப் பார்த்தார், பிளந்த பலகையைப் பார்த்தார். எழுந்து நிற்க முயன்று, முழங்கால் விடாமல், எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கோலைத் தொலைச்சது பெவர்லி இல்லை!" என்று கத்தினார். குரல் நடுவில் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "அவ என் கையில கொடுத்தா! நான்தான் மறந்தேன்! மறந்ததை மறைச்சேன்! இந்தப் பிள்ளைங்க உயிரோட இருக்கிறது அவளால!"

கீழே கேக் மேசையருகே கிளெண்டா கத்தியை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மஞ்சள் ரெயின்கோட்டுச் சிறுமிக்கு இதில் எதுவும் புரியவில்லை. பெவர்லியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மறுபடியும் ரயில் போகுமா?"

எல்லாரும் பெவர்லியைப் பார்த்தார்கள். கிளைவ் தன் கோலை நீட்டினார். "கீழ இன்னொரு எஞ்சின் இருக்கு. தடத்தைச் சரிபண்ணிடலாம். இனிமே யார் ஓட்டணும்னு நீ சொல்லு. வேணும்னா இன்னிக்கே நீ ஓட்டு."

அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு கோலும் அவள் கையில் இருந்தன, ஒன்றோடொன்று மோதிப் படபடவென்று சத்தம் கேட்டது. பிளந்து கிடந்த அந்தப் பலகையைத் தவிர வேறெதையும் அவள் கண் பார்க்க மறுத்தது.

"ஓட்டமாட்டேன்," என்றாள், அந்தச் சிறுமியை மடியில் இழுத்து ஈரப் புல்லில் உட்கார்ந்துகொண்டு. "எனக்கு எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு கிளைவ். இனிமே மறக்கவே முடியாது."