கோணல் மைதானம்

குதிரை மேல் ஏறினால் குனிந்து பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. மிளகின் பிடரியையே பார்த்துக்கொண்டு போவேன். அந்தப் பிடரி எங்கேயோ ஓடிப்போய்விடும் போல. ஆனால் தலை குனிந்ததும் தோள் குனியும், இடது இடுப்பு சரியும், அந்தப் பக்கமே மிளகும் சாய்ந்து நடக்கும். பழி மட்டும் குதிரைக்கு.

மிளகு எங்கள் கிளப்பின் பெண் குதிரை. வெள்ளை உடம்பு முழுக்கக் கரும்புள்ளி. தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டி இருந்த அந்தக் கிளப்பில் மொத்தம் நாலு குதிரைகள், சவாரி பழக நாலு பேர். எழுபத்தெட்டாம் வருஷம் அதில் ஒரே பெண் நான். என் அப்பா நாசரேத்துக்காரர், கால்நடை டாக்டர். குதிரைகளுக்கு ஊசி போடப் போனவரோடு வேடிக்கை பார்க்கப் போனேன். ஊசி போட்டு முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தார். நான் வரவில்லை.

கிளப்புக்குச் செயலாளர் சாரங்கபாணி சார். உப்புக் கம்பெனி மேனேஜர். ஆழ்வார்திருநகரியில் பிறந்து, மெட்ராஸில் படிக்கும்போது குதிரை ஏறியவர். ஜனவரியில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தேவகனி, மார்ச் போட்டியிலே அம்பது சதவீதம் எடுக்கணும். எடுக்கலைன்னா மிளகை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

"பையன்களுக்கும் அதான் சட்டமா சார்?"

"அவா மெதுவாக் கத்துக்கட்டும். நீ நாளைக்குக் கல்யாணமாகிப் போயிடுவே. குதிரையோட நேரம் வீணாகலாமோ?"

குதிரையின் நேரத்துக்காகக் கவலைப்பட்ட ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் வீடு வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனேன், ஏறி மிதிக்கலாம் என்பதே மறந்துபோய்.

போட்டி என்றால் ஓட்டப் பந்தயம் இல்லை. டிரஸாஜ். நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலத்தில் ஒரு மைதானம். சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்துப் பலகைகள், வரிசையில்லாமல் கன்னாபின்னாவென்று. சொன்ன எழுத்தில் திரும்ப வேண்டும். வட்டம் வட்டமாக, கோடு நேராக இருக்க வேண்டும். மேலே உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்திருக்க வேண்டும். இருபது அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். பார்ப்பவருக்கு ஒரு மண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். செய்பவருக்கு முதுகு முறிந்துவிடும்.

உப்பளத்தை ஒட்டிய வெறுந்தரையில் தனியாகப் பழகினேன். மழை விட்டு இறுகிய களிமண். குளம்பு பட்ட இடமெல்லாம் அச்சு அச்சாகத் தெரியும். பக்கத்து உப்புப் பாத்திகளில் பேச்சி என்ற பெண்ணின் கூட்டம் வேலைக்கு வந்திருந்தது. மழைக்காலம் முடிந்ததும் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக நின்று பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். அப்போதுதான் உப்பு சுத்தமாக விளையும். பேச்சிக்கு என் வயதுதான், வாய்க்குத்தான் வயது கூடுதல்.

"ஏளா டாக்டர் மவளே! என்னதுளா அது, வட்டமா? சொத்தக் கத்தரிக்கா மாதிரில்லா கெடக்கு!"

"நீ ஏறிப் பாரு, தெரியும்."

"எனக்கு எதுக்கு குதிர? ஆனா ஒண்ணு, மிதிச்ச பாத்திக்குள்ள அது கால வச்சிச்சு, உன்னயத்தான் எறக்கி மிதிக்க விடுவேன்."

மறுநாளே மிளகு காலை வைத்தது. நான் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மிளகு வரப்பைத் தாண்டிவிட்டது. பாத்தியில் ஆறு குழிகள். பேச்சி சொன்னதைச் செய்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று மிதித்தேன். பத்தடி போவதற்குள் அவள் மேலே போய் இடித்தேன். திரும்பி வரும்போது மறுபக்கம் நின்றவளை இடித்தேன்.

"எதுக்குளா காலயே பாக்க? ஒங்காலு எங்கயும் ஓடிராது. எதுத்த வரப்பப் பாரு!" என்று கத்தினாள்.

பார்த்தேன். கால் தானாக நேரே போனது. கோபத்தையும் மீறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருஷமாகச் சாரங்கபாணி சார் "நிமிரு, நிமிரு" என்று கத்தியிருக்கிறார். எதைப் பார்க்க நிமிர வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு குதிரை மேலும் அப்படியே செய்தேன். எங்கே போகவேண்டுமோ அங்கே பார்த்தேன். நடுவில் ஆணி அடித்துப் பத்து மீட்டர் கயிறு கட்டி வட்டம் கீறி, அதன் மேலேயே ஓட்டினேன். எதிரே பார்த்தால் தோள் தன்னால் விரிந்தது, இடுப்பு நடுவில் உட்கார்ந்தது. பிப்ரவரி முடிவில் பேச்சி வரப்பில் நின்று தடத்தைப் பார்த்தாள்.

"இப்பத் தோச மாதிரி இருக்கு."

"வட்டமாத்தான?"

"எங்க வீட்டுத் தோச மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போட்டியன்று காலையில் மைதானத்துக்குள் நடந்து பார்த்தேன். இடது பக்கம் நடுவில் 'ஈ' பலகை. அங்கே திரும்பி மைதானத்தைக் குறுக்கே நேராகக் கடக்க வேண்டும். 'ஈ'க்கு நேர் எதிரே வலது பக்கம் 'பி' பலகை இருக்க வேண்டும். நிமிர்ந்து எதிரே பார்த்தேன். 'பி' நேரே இல்லை. ஒரு மீட்டராவது தள்ளி நின்றது.

"சார், 'பி' பலக கோணலா நிக்கி. மறுபடி அளக்கச் சொல்லுங்க."

"எங்க உப்பளத்துக் கயிறு போட்டு அளந்தது. குதிரையிலே உட்காரத் தெரியாதவா மைதானத்தை அளக்க வந்துட்டா!"

மூன்று பையன்களும் சிரித்தார்கள்.

நடுவர் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு கர்னல். மைதானத்தின் தலைமாட்டில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பையன்கள் முதலில் போனார்கள். 'ஈ'யில் திரும்பி மூன்று பேரும் பலகையைப் பார்த்தே கோணலாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொருவர் முடித்ததும் கிளப் ஆட்கள் மண்ணை வாரித் தடத்தை அழித்தார்கள். கடைசி ஆள் நான்.

வட்டம் நன்றாகவே வந்தது. நடுவில் நிறுத்தச் சொன்ன இடத்தில் மட்டும் மிளகு இரண்டு அடி கூடப் போனது. பிறகு 'ஈ' வந்தது. பலகைக்குப் போனால் கோணல், மார்க் கிடைக்கும். நேரே போனால் பலகை தவறும், மார்க் போகும், மிளகும் போய்விடும். நான் ஒன்றும் முட்டாள் இல்லை, கணக்குத் தெரியும். ஆனால் பாத்திச் சேற்றில் இறங்கி மிதித்தது கோணலாகப் போவதற்கா? எதிரே பார்த்தேன். நேரே போனேன். 'பி' பலகை என் வலது கைப் பக்கம் ஒரு மீட்டர் தள்ளி நின்றுவிட்டது.

கர்னல் தாளில் மார்க்கைக் கூட்டி வாசித்தார். "உட்காரும் விதம் நன்று. 'ஈ'யிலிருந்து 'பி' கோணல், நாலு மார்க். மொத்தம் இருநூறுக்குத் தொண்ணூற்றெட்டு. நாற்பத்தொன்பது சதவீதம்."

சாரங்கபாணி சார் மிளகின் கடிவாளத்தைப் பிடிக்க வந்தார். "போதும், இறங்கும்மா."

"எறங்கமாட்டேன்."

"என்னது?"

"மைதானம் கோணல். அளக்காம நான் எறங்கமாட்டேன் சார். குதிரையும் நவுறாது."

கடிவாள வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கர்னல் எழுந்து என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அளந்துடலாமே. அதுல என்ன?" என்றார்.

பக்கத்துப் பாத்தி வரப்பில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பேச்சி அதற்குள் இறங்கி வந்துவிட்டாள். "மூலைக்கு மூலை குறுக்கப் புடிங்க அண்ணாச்சி! ரெண்டு குறுக்கும் ஒண்ணா வரணும். பாத்திய அப்பிடித்தான் சரி பாப்போம்." கர்னலை யாரும் அதுவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர் போய்க் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார்.

மூலைக்கு மூலை இரண்டு குறுக்கையும் அளந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் வித்தியாசம். பக்கங்களையும் அளந்தால், வலது பக்கம் குட்டை.

"நம்ம ஆட்கள் இதே கயித்துல தானே அளந்தா?" என்று சாரங்கபாணி சார் முணுமுணுத்தார்.

பேச்சி கயிற்றை விரலால் நெருடிப் பார்த்தாள். "நூல் கயிறு. நேத்துச் சாயந்திரம் ஒரு பக்கம் அளந்தாவ. அப்புறம் ராத்திரி முழுக்க வாய்க்கால்லதான கெடந்துது? காலைல ஈரத்தோட எடுத்து அந்தப் பக்கம் அளந்திருக்காவ. நனஞ்ச நூல் சுருங்கும்லா? ஈரக் கயித்துல அளக்கக் கூடாதுன்னு அளத்துல எல்லாருக்கும் தெரியுமே!" அந்த அளத்துக்கே மேனேஜரானவரை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். கயிறு இப்போது வெயிலில் காய்ந்திருந்தது.

கர்னல் தொண்டையைக் கனைத்தார். "தப்பு நம்மளது. சரி பண்ணிட்டு எல்லாரும் மறுபடி போகட்டும்."

"நான் போவமாட்டேன் சார்" என்றேன். "நான் சரியாத்தான் போனேன். மறுபடி எதுக்குப் போவணும்? என் தடம் இன்னும் அழியல. பலகைய எடத்துல வச்சிட்டுப் பாருங்க."

கர்னல் நடந்து போய் என் தடத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். பேச்சியும் அவள் கூட்டத்துப் பெண் ஒருத்தியும் காய்ந்த கயிற்றை இழுத்துப் பிடித்து, வலது பக்கத்தில் இருபது மீட்டரில் குதிகாலால் ஒரு குழி போட்டார்கள். பேச்சி 'பி' பலகையைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்து அங்கே ஊன்றினாள்.

மிளகின் குளம்புத் தடம் வந்து திரும்பிய இடத்தில் பலகை நின்றது. கர்னல் தாளில் நாலை அடித்து எட்டு என்று எழுதினார். நூற்றிரண்டு. ஐம்பத்தொன்று சதவீதம்.

எல்லாரும் சுற்றி நின்று குனிந்து அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரங்கபாணி சாரும் குனிந்துதான் பார்த்தார். நான் மட்டும் குனியவில்லை.