கண்ணாடியில் இல்லாத தூசி

ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் வெயில்காரர் என்றுதான் சொல்வார்கள். மொட்டை மாடியில் கண்ணாடிக் குமிழ் போட்ட இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு, தரைக்கு எவ்வளவு வெயில் வந்து சேருகிறது என்று அளப்பது அவர் வேலை. ஒரு மேகம் வழிதவறி வந்தால்கூட, தன்னிடம் அனுமதி வாங்கவில்லையே என்று முறைப்பார்.

குமிழ்களைத் தினமும் காலையில் துடைப்பவன் ஈர்க்குச்சி. அவர் மனைவியின் தம்பி. பக்கவாட்டில் திரும்பி நின்றால் நிழலே விழாது, அவ்வளவு ஒல்லி. வெயில்காரர்தான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டிருந்தார்.

அந்தக் கோடையில் வெயில் அளவு சரியத் தொடங்கியது. வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை. உங்கள் கருவிக்கு ஜுரமா என்று தலைமை அலுவலகம் கிண்டலாகக் கேட்டது. வெயில்காரருக்கு வந்த கோபத்தை பேட்டரியில் ஏற்றியிருந்தால் தெருவுக்கே விளக்கெரிந்திருக்கும்.

"ஏன்டா, கண்ணாடியைத் துடைச்சியா, இல்ல அதைப் பார்த்துத் தலை வாரிட்டு வந்துட்டியா?"

"துடைச்சுத் துடைச்சு என் கைரேகையே தேஞ்சுபோச்சு மாமா."

"அப்ப வெயிலை யாரு தின்னா? உன் அக்காவா?"

மாடியில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஈர்க்குச்சி சிரிக்கவில்லை. துணியை நாலாக மடித்து வைத்துவிட்டுப் படியிறங்கினான். மனுஷன் அதோடு நின்றாரா? துடைப்பவரின் அலட்சியம்தான் காரணம் என்று மேலிடத்துக்கு எழுதியும் போட்டார். வேலை போயிற்று.

மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த வீட்டில் பல்லிகூடச் சத்தம் போடக் கூச்சப்பட்டது.

பிறகு அவரே மாடியேறித் துடைத்தார். கண்ணாடி பளபளத்தது, அளவோ ஏறவேயில்லை. அப்போதுதான் இரண்டாவது கருவியின் கணக்கைப் பார்த்தார். சூரியனை மறைத்தபடி ஒரு சின்னத் தடுப்பு அதன்மேல் கூடவே நகரும். அதனால் நேர் வெயில் அதில் படாது. வானமெங்கும் சிதறி வரும் வெளிச்சத்தை மட்டும் அது அளக்கும். அந்த அளவு ஏறியிருந்தது!

இரண்டையும் துடைத்தது அதே கை, அதே துணி. அழுக்குக் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர, கூட்டுமா? தூசி இருந்தது வானத்தில். எங்கோ பாலைவனத்தில் கிளம்பிய பொடி மேலே பரவி, நேர் வெயிலை மறித்து நாலாபக்கமும் இறைத்துக்கொண்டிருந்தது. வானம் பால் தெளித்தாற்போல் வெளுத்திருந்ததை அவரும் பார்த்துத்தான் இருந்தார். தரையின் சூட்டை இரவில் அந்தத் தூசி வெளியே விடாததால் தூக்கமில்லாமல் புரண்டும் இருந்தார். ஆனாலும் அவருக்கு வானத்தின்மேல் சந்தேகம் வரவில்லை, மைத்துனன்மேல்தான் வந்தது.

ஈர்க்குச்சி பேருந்துப் பணிமனையில் முன்கண்ணாடி கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. பஸ்ல அழுக்கு இருக்கான்னு பாக்க வந்தீங்களா?"

"தப்பு என்னோடதுடா. தூசி வானத்துலதான். மேலிடத்துக்கும் எழுதிட்டேன். வேலை திரும்பக் கிடைக்கும், வா."

"எழுதினது சரி. அன்னிக்கு மாடியில சிரிச்சாங்களே, அவங்ககிட்ட சொன்னீங்களா?"

வெயில்காரர் முன்கண்ணாடியில் இல்லாத தூசியை விரலால் துடைத்தார்.

"இங்க துடைச்சு முடிச்சா, டிரைவர் உக்காந்து பார்த்துட்டு, 'நல்லா தெரியுதுப்பா'ங்கறார். எனக்கு அது போதும் மாமா. அக்காவைக் கேட்டேன்னு சொல்லுங்க."

சொல்லலாம்தான். அதைக் கேட்க அவள் முகம் கொடுக்க வேண்டுமே.

வெளுத்த வானத்தின் கீழே வீட்டைப் பார்த்து நடந்தார். அவ்வளவு பெரிய தொப்பையை வைத்துக்கொண்டும், அன்று அவருக்குச் சரியாக நிழல் விழவில்லை.