ஆறு நிமிஷ மௌனம்

மனித ஆன்மா தன் ஆழத்தைத் தொடுவது மௌனத்தில்தான். அந்த மௌனம் இன்று மிச்சமிருப்பது ஜப்பானின் மலைக்கிராமங்களில் மட்டும்தான். பெல்ஜியத்து இயக்குநர் யோரிஸ் இதைச் சொல்லித்தான் நான்கு நாடுகளில் படத்துக்கு ஆதரவு திரட்டியிருந்தார். கமிதானி என்ற மலைக்கிராமத்தின் ஊர்க்கூடத்தில் அதையே மறுபடி சொன்னார். மொழிபெயர்ப்பாளர் நாகிசா அதை ஜப்பானிய மொழியில் சொல்லி முடிப்பதற்குள் ஊர் ஒலிபெருக்கி கரடி நடமாட்டம் பற்றி இரண்டு முறை எச்சரித்தது. காய்கறி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. கூடத்திலிருந்த பத்தொன்பது பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

அதில் பாதிப் பேச்சு முனேஹாருவுடையது. எழுபத்திரண்டு வயது. தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். கடிதத்தைக் கொடுப்பதோடு, உள்ளே என்ன எழுதியிருக்கும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வருவார் என்று ஊரில் பெயர். மனைவி சதாயே இறந்து மூன்று வருஷமாகக் கேட்க ஆளில்லை. தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

யோரிஸ் அவருடைய சுருக்கங்களை வெகுநேரம் பார்த்தார். "பேச்சைக் கடந்துவிட்ட முகம்" என்றார். நாகிசா அதை மொழிபெயர்த்ததும், பக்கத்து வீட்டு ஹத்சுயே குடித்த தேநீரைத் துப்பிவிட்டாள்.

அவருக்குக் கிடைத்தது, மனைவியை இழந்து பேச்சையே நிறுத்திவிட்ட விவசாயி வேடம். படப்பிடிப்பும் முனேஹாருவின் வீட்டிலேயே. அதனால் தினமும் மத்தியானம் பதினோரு பேர் அங்கே சாப்பிட உட்கார்ந்தார்கள். அடுக்கியே கிடந்த சதாயேயின் கிண்ணங்கள் வெளியே வந்தன. ஒலிப்பதிவு செய்யும் தாடிக்காரர் நூடுல்ஸைச் சத்தமில்லாமல் மென்றதைப் பார்த்து, "என்னங்க இது, ஆஸ்பத்திரிச் சாப்பாடா? நல்லா உறிஞ்சி இழுங்க!" என்று முனேஹாரு அதட்டினார்.

காலையில் மனைவியின் படத்துக்கு முன்னால் சோறு வைக்கும்போது, "இன்னிக்கும் பதினோரு பேரு, சதாயே. ஒரே தொல்லை" என்பார். கைகூப்பிச் சொல்லும் தொல்லை அது.

அந்த வீட்டை யோரிஸ் பிடித்ததே இடுப்பளவுப் புல் மண்டிய முற்றத்துக்காகத்தான். 'துக்கம் முளைத்த நிலம்' என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ஊர் வழக்கப்படி, பதினேழு வீட்டாரும் புல்வெட்டும் இயந்திரங்களோடு வந்து துக்கத்தை வேரோடு வழித்தெடுத்துவிட்டார்கள். கதவுகளில் ஒட்டியிருந்த கிழிந்த காகிதத்தையும் மாற்றினார்கள். பிறகு வரிசையாக நின்று யோரிஸுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார்கள்.

"வெளிநாட்டுலேருந்து நம்மளைத் தேடி வந்திருக்கீங்க. காட்டுக்குள்ள உக்கார வெச்சா நாங்கல்லாம் மனுஷங்களா?" என்றார் ஊர்த்தலைவர்.

யோரிஸ் நன்றி சொன்னார். சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தவர் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை.

வெளிக்காட்சிகள் போனதால் படமே உள்காட்சி ஒன்றை நம்பி நின்றது. மாலை நாலு மணி வெளிச்சத்தில், மனைவியின் காலி மெத்தையைப் பார்த்து ஆறு நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். நடுவில் காட்சியை வெட்டுவதே கிடையாது. முதல் நாள் இரண்டாம் நிமிஷத்தில் முனேஹாரு, "அந்த விளக்கு பக்கத்துல நிக்கிறவருக்கு வேர்க்குதே, துண்டு தரவா?" என்றார். மறுநாள் நாலாம் நிமிஷம்வரை தாங்கினார்.

நாகிசா தலைகுனிந்து வந்து நின்றாள். "முனேஹாரு சான், ரொம்ப மன்னிக்கணும். நாளைக்கும் பேசிட்டீங்கன்னா, பக்கத்துப் பள்ளத்தாக்குல வேறொருத்தர் இருக்காராம். நாங்க எல்லாரும் அங்க போயிடுவோம்."

"எல்லாரும்னா... மத்தியானச் சாப்பாட்டுக்கும் அங்கதானா?"

"ஆமாங்க."

அவர் நேராக ஹத்சுயே வீட்டுக்குப் போனார். "என் வாயை மூட ஒரு வழி சொல்லுங்கக்கா."

"உங்கப்பா காலத்துலேருந்து ஊரே அதைத்தானே தேடுது!"

"சிரிக்காதீங்க. அவங்க போயிட்டா, மறுபடி எனக்கு அந்த வானிலைக்காரிதான்."

ஹத்சுயே சிரிப்பை நிறுத்தினாள். முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "நாளைக்கு மூணே முக்காலுக்கு இங்க வந்துட்டுப் போ" என்றாள்.

மறுநாள் முனேஹாரு உட்கார்ந்தார். ஆறு நிமிஷம் போயிற்று. வாய் திறக்கவில்லை. யோரிஸ் கேமராவை நிறுத்தச் சொல்லாமல் ஒன்பது நிமிஷம்வரை ஓடவிட்டார். தாடிக்காரர் அழுதார். நாகிசாவும் அழுதாள். கூட்டம் இன்னும் மூன்று வாரம் கமிதானியிலேயே தங்கிச் சாப்பிட்டது.

படம் எங்கெங்கோ பரிசு வாங்கியது. புத்தாண்டுக்குப் பத்துப் பதினோரு கையெழுத்தோடு யோரிஸிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது; வசந்தத்தில் தாடிக்காரர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து நாலு நாள் தங்கினார், நூடுல்ஸை உறிஞ்சவும் செய்தார். முனேஹாரு ஒரு பெட்டி பேரிக்காயோடு ஹத்சுயே வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று, நெற்றி முழங்காலைத் தொடுமளவு குனிந்தார். அப்படி அவர் குனிந்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பாரிஸ் பத்திரிகையில் வந்த விமர்சனத்தை நாகிசா மொழிபெயர்த்து அனுப்பியிருந்தாள். 'இறுக மூடிய அந்த உதடுகளிலும் உள்வாங்கிய கன்னங்களிலும் ஒரு நாகரிகமே தன் இழப்பை விழுங்குகிறது.' முனேஹாரு அதை மனைவியின் படத்துக்கு இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினார்.

அந்த ஒன்பது நிமிஷமும் அவருடைய பல் செட், மேலும் கீழுமாக இரண்டும், ஹத்சுயேயின் ஏப்ரன் பையில் இருந்தது.