ஊறிய கல்

காய்ந்த மணற்கல் துண்டு ஒன்பது டன் தாங்கியது. மூன்று நாள் தண்ணீரில் ஊறிய துண்டு நாலு டன்னிலேயே உதிர்ந்தது. பானுப்ரியா அழுத்தும் மெஷினை நிறுத்தி, இரண்டு எண்களையும் ஒரு தாளில் குறித்தாள். இரண்டும் ஒரே பாறையில் எடுத்தவை. ஊட்டத்தூர் பக்கம் சாலைக்காக வெட்டிய சரிவு அது. ஐப்பசி மழையில் சரிந்து, கீழே வேலை பார்த்துக்கொண்டிருந்த கூலியாள் வீரமலையை மூடிவிட்டது. அவர் போய்ப் பதினெட்டு நாளாகியிருந்தது.

சித்திரையில் அந்தப் பாறையைச் சோதித்ததும் அவள்தான். கே.கே. நகரின் அந்தச் சின்னப் பரிசோதனைக்கூடத்தில் ஏழு வருஷ வேலை. மணலைச் சேர்த்துப் பிடித்திருக்கும் களிமண் தண்ணீர் பட்டால் இளகிவிடும், ஊறவைத்தும் பார்க்க வேண்டும் என்று அன்றே அவளுக்குத் தெரியும். முதலாளி லக்ஷ்மணன்தான், "இந்த வெயில்ல எங்கம்மா தண்ணி? காஞ்ச கல்லு நம்பரையே போட்டு அனுப்பிடு, ரோடு போடுறவங்க அவசரப்படுறாங்க" என்றார். அனுப்பினாள். கையெழுத்து அவளுடையது.

இப்போதும் அவர் சத்தம் போடவில்லை. "அந்தத் தாள என்கிட்ட குடுத்துடும்மா. யாரும் கேக்கலையே" என்றார். கொடுத்தாள். இன்னொரு பிரதி கைப்பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முசிறிக்கு பஸ் ஏறினாள். வீரமலையின் மனைவி வள்ளிக்கண்ணு வாசலில் உட்கார்ந்து வாழையிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். பானுப்ரியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகளில் பாதி வரவில்லை.

வள்ளிக்கண்ணு அழவில்லை. ஒரு கிழிந்த இலையைத் தனியே எடுத்துப் போட்டாள்.

"அன்னிக்கு அவரு போகமாட்டேன்னுதான் சொன்னாரு. கல்லு கையில மாவா உதிருது, பயமா இருக்கு வள்ளின்னாரு. மூணு நாளா வீட்டுலயே இருக்கீங்க, போயிட்டு வாங்கன்னு நான்தான் அனுப்பிவச்சேன்."

பானுப்ரியா பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள்.

"விசாரணைக்கு வருவாங்க. இதக் காட்டுங்க. என் பேரையும் சொல்லுங்க."

"உங்க வேலை?"

"போகும்."

வள்ளிக்கண்ணு ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி மடியில் விரித்தாள். அவளுக்கு எண்கள் மட்டும் தெரியும்.

"ரெண்டு போட்டிருக்கே. இதுல அவரு மேல விழுந்தது எது?"

பானுப்ரியா சின்ன எண்ணைத் தொட்டுக் காட்டினாள். அதன் பக்கத்தில் தன் விரலை வைத்த வள்ளிக்கண்ணு அதை எடுக்கவில்லை.